விடை கேட்ட பாட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை மண்ணில் பிறந்த பாடகன் ஒருவனுக்கு வாழ வழிகள் சிலவே இருந்தன. அரண்மனையை அண்டலாம், ஜமீன்தார் ஒருவரைச் சார்ந்து நிற்கலாம், மடத்தில் இடம் தேடலாம், கோயிலில் முறைகாரனாக அமரலாம். இவற்றுள் எதனை மேற்கொண்டாலும் பாட்டுக்கு உரியவன் ஒருவனாகவும் பாட்டைக் கேட்டுப் பொன் தருபவன் மற்றொருவனாகவும் இருப்பர். தருபவனுடைய பெயரும் புகழும் பாட்டினுள் இடம்பெற வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் தஞ்சை நால்வர் எனப்பட்ட பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அரசவையிலேயே வளர்ந்தனர். அவர்களுள் வடிவேலு பின்னர்த் திருவிதாங்கூருக்குச் சென்று சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவில் வாழ்ந்தார். கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் ஜமீனைச் சார்ந்து இருந்தார். இவர்களுடைய புலமையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் உண்ணும் சோறு எங்கிருந்து வருகின்றதோ, அத்திசையைப் பாடகனின் முகம் நோக்கியே தீரும்.

அவ்வாறு எத்திசையையும் நோக்காமல், தாமே பாட்டியற்றித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடி வாழ்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இக்காலத்தில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, எந்த நிறுவனத்தையும் சாராமல் தம் பாடல்களைத் தாமே பாடித் திரியும் இளைஞர்களைச் 'சுயேச்சைப் பாடகர்' என்று மேனாட்டார் சிறப்பித்துப் பேசுகின்றனர். அப்பெயருக்கு முழுத் தகுதி உடைய தமிழர் ஒருவர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக் கரையில் நடமாடினார் என்பதை நினைப்போர் குறைவு.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் சிற்றூரில் 1811ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தையார் இராமசாமி பாரதி. முன்னோர் இசையில் வல்லவர்கள். 'பாரதி' என்பது அக்குடும்பத்தில் வழிவழி வந்த பட்டம். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், முடிகொண்டானிலும் பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். மாயூரத்தில் கோவிந்த சிவம் என்னும் பெரியாரிடம் வேதாந்தமும் யோக நெறியும் பயின்றார். கருநாடக இசையில் தேர்ந்ததோடு அமையாமல், திருவிடைமருதூரில் இராமதாசர் என்னும் வடநாட்டு இசைவாணரிடம் இந்துஸ்தானி இசையையும் கற்றார். மராட்டிய அரச குடும்பத்தினரின் தொடர்பால் அந்நாளில் வடநாட்டு இசை சோழநாட்டில் பரவியிருந்தது. இசைக்கு இனவேலி இடாத மனம் அவருக்கு இளமையிலேயே வாய்த்துவிட்டது என்று இதனால் அறியலாம்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. நிலம் வாங்கவில்லை. தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை. ஆனந்ததாண்டவபுரத்து நிலக்கிழார் அண்ணுவையர் அவரைப் போற்றி ஆதரித்தார். அவ்வீட்டில் அவருக்கு உணவும் இருப்பிடமும் கிடைத்தன. ஆகவே 'எவரையும் சாரவில்லை' என்று சொல்வது மிகையாகாதா என்று கேட்கலாம். சார்பு வேறு, அடிமை வேறு. அண்ணுவையர் வீட்டுச் சோறு அவருடைய பாட்டின் ஒரு சொல்லையேனும் மாற்றியதாகச் சான்று இல்லை. பாட்டின் இறுதியில் அவர் பதித்த முத்திரை புரவலரின் பெயரன்று. 'கோபாலகிருஷ்ணன்' என்னும் தம் பெயரே. பாவலன் தன் உடைமைக்கு இட்டுக்கொண்ட அடையாளம் இந்த முத்திரைதான். அதனைத் தில்லைக் கூத்தனுக்கே உரிய பாட்டில் பதித்தாரேயன்றி, அரசனைப் பாடும் பாட்டில் பதிக்கவில்லை.

திருவையாற்றுக்குச் சென்று தியாகராச சுவாமிகளை அவர் கண்ட செய்தி இசையுலகில் வழங்கி வருகின்றது. அப்போது சீடர்கள் ஆபோகி இராகத்தில் அமைந்த சுவாமிகளின் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனராம். ஒரு மூலையில் அமர்ந்து கேட்ட பாரதியார், அதே இராகத்தில் தில்லைச் சபாபதியின்மீது தமிழில் ஒரு கீர்த்தனை இயற்றிப் பாடினார் என்பர். இச்செய்தியைச் சொல்வோர் பாரதியாரின் விரைந்த புலமையையே வியப்பர். வேறொன்றும் வியக்கத்தக்கது. அரசவை அழைப்பை மறுத்து உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர் தியாகராசர். அவர் முன்னிலையில் வந்து அமர்ந்தவரும் அரசவையை நாடாதவரே. ஒருவர் தெலுங்கிலும் மற்றொருவர் தமிழிலும் பாடினர். ஒருவர் இராமனையும் மற்றொருவர் நடராசனையும் பாடினர். வாழ்வு நெறியில் இருவரும் ஓரினத்தவர். தியாகராசர் 1847இல் மறைந்தார். அடுத்த எட்டே ஆண்டுகளில், 1855இல், இரண்டாம் சிவாசி மன்னர் ஆண் வாரிசின்றி இறக்கவே, தஞ்சை அரசும் மறைந்தது. அரண்மனையை நம்பிய இசைவாணர்கள் புகலிடம் தேடி அலைந்தனர். பாரதியாருக்கு அந்த இழப்பால் எதுவும் நேரவில்லை; இழப்பதற்கு அங்கு அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை.

திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் ஆகிய அடியார்களின் வரலாறுகளையும் அவர் இசைப்பாட்டாகப் பாடியுள்ளார். அவற்றைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் பெயரை நிலைநாட்டியது நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே.

திருநாளைப் போவார் வரலாற்றைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடினார். பெரியபுராணத்தில் அது சிறியதொரு பகுதி. கொள்ளிடக் கரையில் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், ஊர்த் தொண்டுக்கு மானியமாக விடப்பட்ட நிலத்தின் விளைவைக் கொண்டு வாழ்ந்தார். கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார். திருப்புன்கூரில் வெளியே நின்று வழிபட்டபோது மறைத்திருந்த நந்தி விலகியது. 'நாளைப் போவேன்' என்று பல நாள் சொல்லிப் பின் தில்லையை அடைந்தார். இறைவன் பணித்தபடி வேள்வித் தீயினுள் மூழ்கி, முனிவர் வடிவுடன் வெளிப்பட்டுத் திருக்கூத்தில் கலந்தார். சேக்கிழார் சொன்னது இவ்வளவே. 'நாளைப் போவேன்' என்று அவர் தயங்கியதற்குக் காரணம், தம் பிறப்பைக் கருதி உள்ளுக்குள் எழுந்த ஒடுக்கம். அவரைத் தடுத்து நிறுத்தும் மனிதன் எவனும் பெரியபுராணத்தில் இல்லை.

பாரதியாரின் நூலிலோ தடுப்பவர் ஒருவர் இருக்கின்றார். அவர் வேதியர், பண்ணையின் உடைமையாளர். நந்தன் அவருடைய பண்ணையாள். நாளைப் போவேன் என்று நந்தன் சொல்வதற்குக் காரணம் உள்ளத்தின் தயக்கமன்று. ஆண்டையின் உத்தரவு கிடைக்கவில்லை. மாட்டைப் பார், வரப்பைப் பார், நாற்றைப் பார் என்று ஆண்டை ஏவுகின்றார். உன் குலத்துக்குச் சிதம்பரம் ஏன் என்று ஏசுகின்றார். நந்தனின் இனத்தாரும் அவனுக்குத் துணை நிற்கவில்லை. காத்தவராயனும் காட்டேரியும் போதாதா, கண் காணாத தில்லைக் கூத்தன் எதற்கு என்று சேரியின் முதியவர்கள் வாதிடுகின்றனர். பிள்ளை கெட்டுவிட்டான் என்று ஆண்டையிடமே சென்று முறையிடுகின்றனர். இறுதியில், பண்ணை நிலம் முழுவதையும் நட்டு விளைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆண்டை விடை தருகின்றார். இது விடையன்று, மறுப்பே. ஒரு மனிதனால் ஆகாத வேலை அது. ஆனால் ஓரிரவில் இறைவன் அருளால் பயிர் முற்றி நிற்கின்றது. கண்ட ஆண்டை நந்தனின் காலில் விழுகின்றார்.

வேதியர் என்னும் இப்பாத்திரம் முழுக்க முழுக்கப் பாரதியாரின் படைப்பு. அவரைப் பாரதியார் எங்கிருந்து பெற்றார் என்று ஆராய வேண்டிய தேவையே இல்லை. சோழநாட்டில் எவ்வூர்த் திண்ணையிலும் அவர் அமர்ந்திருந்தார். அந்தண மரபில் பிறந்து, அந்தண நிலக்கிழார் ஒருவர் வீட்டில் உண்டு உறங்கிய பாவலர், அந்தத் திண்ணையின் பேச்சு வழக்கையும் அதட்டலையும் சொல் மாறாமல் எடுத்துப் பாட்டில் வைத்தார். பிறகு அதனை அதே திண்ணையில் அமர்ந்து பாடினார். கேட்டவர்களுள் எத்தனை பேர் தம் குரலைத் தாமே கேட்டுத் திடுக்கிட்டனரோ!

'பண்ணையாள்' என்னும் சொல் இன்றைய இளைஞர்களுக்கு வெறுஞ் சொல்லாகிவிட்டது. தஞ்சை மாவட்டத்தில் பள்ளர், பறையர் எனப்பட்ட மக்கள் மிராசுதாரின் நிலத்தோடு பிணைக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். திருமணத்துக்கோ ஈமக்கடனுக்கோ பெற்ற சிறு கடன், தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். கூலி நெல்லாக அளக்கப்படும். ஆண்டையின் இசைவின்றி ஊரைவிட்டு நீங்குதல் கூடாது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவனை அடிமை என்று உரிமை கொண்டாடுவதை இந்தியாவில் நீதிமன்றங்கள் ஏற்றல் ஆகாது என்றது. 1860இல் இயற்றப்பட்டு 1862ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், மனிதரை அடிமையாக வாங்குதலையும் விற்றலையும் குற்றமாக்கியது. சட்டம் கச்சேரியின் சுவரோடு நின்றது. வயல் வரப்பை எட்டிப் பார்க்க அதற்கு மேலும் பல்லாண்டுகள் பிடித்தன. நந்தன் சரித்திரம் பாடப்பெற்றதும் அச்சேறியதும் இந்த இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட, அவற்றையொட்டிய காலத்திலேதான் என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பதில்லை.

மலாயாத் தமிழர்க்கு இங்கே தனியாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்நூல் முதன்முதலில் பெருமளவில் பாடப்பெற்றுப் புகழ் எய்திய ஊர் நாகப்பட்டினம். அந்நாளில் நாகப்பட்டினத் துறையிலிருந்து பினாங்குக்கு மரக்கலங்கள் புறப்பட்ட வண்ணம் இருந்தன. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கீழ்த்தஞ்சையின் சேரிகளிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறினர். வடக்கே சிறிது தொலைவில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, அத்துறையிலிருந்து ரெயூனியன் தீவுக்கும் மேற்கிந்தியப் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் தமிழர் ஏற்றிச் செல்லப்பட்டனர். ஆண்டையிடம் விடை கேட்டுக் கெஞ்சும் பண்ணையாளின் பாட்டு ஊருக்குள் மாளிகையில் ஒலித்துக்கொண்டிருந்தது. விடை கேளாமலே ஊரைவிட்டு நீங்கிய பண்ணையாட்கள் அதே ஊரின் கடற்கரையில் மூட்டையோடு காத்திருந்தனர். அவர்களுக்குச் சிதம்பரம் கடலுக்கு அப்பால் இருப்பதாகக் கங்காணியும் தரகனும் சொன்னார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பின்னர், ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு நீங்கினால் தண்டனை என்றது சட்டம். ஆண்டை போய்த் துரை வந்தார். உத்தரவு கேட்பது மட்டும் ஒழியவில்லை. மலாயாவில் அந்த ஒப்பந்த முறை நீங்கியது 1910இல்தான்.

பாரதியார் இக்கப்பல்களைப் பற்றி ஒன்றும் பாடவில்லை. அவரிடம் இல்லாததை அவர்மேல் ஏற்றிச் சொல்வது வரலாற்றுக்கு அழகன்று. எனினும் அவருடைய செவிக்கு எட்டிய உலகம் எது என்பதை அறிந்துகொண்டால், அவர் ஏன் சேக்கிழார் சொல்லாத ஓர் ஆண்டையைப் படைத்தார் என்பது விளங்கும்.

இசையமைப்பிலும் அவர் பண்டிதர்களின் வரம்பை மீறினார். கீர்த்தனையோடு கண்ணி, நொண்டிச் சிந்து, விருத்தம், தண்டகம், இருசொல் அலங்காரம் என்று பல வடிவங்களையும் கலந்தார். களத்து மேட்டிலும் தெருக்கூத்திலும் வழங்கிய மெட்டுகள் அரிய இராகங்களின் அருகில் வந்து அமர்ந்தன. ஆண்டைக்கு ஒரு நடை, சேரி முதியவர்க்கு ஒரு நடை, நந்தனுக்கு ஒரு நடை என்று பேச்சுத் தமிழ் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறியது. எழுத்தறியாதவர்களும் ஒருமுறை கேட்ட அளவில் பாடலாயினர்.

காரைக்காலில் சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி இருந்தார். தமிழிலும் இசையிலும் ஈடுபாடு உடையவர். அவர் இக்கீர்த்தனைகளைக் கேட்டு மகிழ்ந்து, அவற்றை அச்சிடுவதற்கு முன்வந்தார். 1860ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது. தமிழனின் அடிமை வாழ்வைப் பாடிய பாட்டு, தமிழரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி அனுப்பிய துறையில் அமர்ந்திருந்த அயல்நாட்டு அதிகாரியின் துணையால் அச்சேறியது. வரலாறு இத்தகைய முரண்களைக் கூசாமல் செய்துவைக்கும்.

அச்சு என்றவுடன் ஒரு சிக்கல் எழுந்தது. பாடும்வரை பாட்டுக்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை; நூலாகும்போது புலவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும். அந்நாளில் சோழநாட்டுப் புலவருள் தலைமை பெற்றவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தலபுராணங்கள் பலவற்றைப் பாடிய பெரும்புலவர், மாயூரத்தில் வாழ்ந்துவந்தார். பாரதியார் அவரை நாடிச் சென்றார். பிள்ளையவர்களுக்கு நூலில் விருப்பம் எழவில்லை. இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. பெரியபுராணத்தில் இல்லாதன புகுந்திருந்தன. நேரே மறுத்துச் சொல்ல மனம் இல்லாமல், இன்று போய் நாளை வருக என்ற முறையில் காலம் தாழ்த்தினார். பாரதியாரும் பலமுறை நடந்தார். நாளைப் போவாரைப் பாடியவருக்கு 'நாளை வா' என்பதே விடையாயிற்று!

ஒருநாள் பகற்பொழுதில் பாரதியார் சென்றபோது பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வு கொண்டிருந்தார். வெளியில் திண்ணையில் அமர்ந்த பாரதியார் களைப்புத் தீர மெல்லப் பாடத் தொடங்கினார். தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று நந்தன் இறைவனை நோக்கி உருகிக் கேட்கும் பாட்டு அது. பாட்டின் நிலையும் பாடியவர் அமர்ந்திருந்த நிலையும் ஒன்றாயிருந்தன. உள்ளே படுத்திருந்தவர் கேட்டார். கண்ணீர் பெருகியது. எழுந்து வந்து பாரதியாரை வணங்கி, காக்க வைத்ததற்குப் பொறுத்தருள வேண்டி, பாயிரச் செய்யுள் அளித்தார் என்பது வரலாறு.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் இசையின் வெற்றியென்று மகிழ்வர். பிள்ளையவர்களை மறைமுகமாகக் குறை கூறுவோரும் உண்டு. மீனாட்சிசுந்தரம் பிள்ளை கண்ட பிழைகள் பிழைகளே. இலக்கண ஆசிரியன் எவனும் அவற்றைத் திருத்தாமல் விடமாட்டான். மாணவனின் கட்டுரையில் அத்தகைய தொடர் வந்தால் சிவப்பு மையிட்டுச் சுழிக்காத ஆசிரியர் இருக்க முடியாது. ஆயினும் நந்தன் இலக்கணமாகப் பேசினால் அவன் நந்தன் அல்லன். ஆண்டை செய்யுள் நடையில் அதட்டினால் எந்தப் பண்ணையாளும் அஞ்சமாட்டான். புலவரின் பெருமை, தம் கண் கண்ட பிழையைத் தம் செவி கேட்ட உண்மைக்காக ஒதுக்கி வைத்ததில் இருக்கின்றது. அதனைச் செய்ய இயலாத புலவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர்.

நூல் பரவியது. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் போன்ற கதாகாலட்சேப வல்லுநர்கள் அதனை எடுத்தாண்டு ஊரூராகக் கொண்டு சென்றனர். நாடகக் குழுக்கள் மேடையேற்றின. 1908ஆம் ஆண்டளவில் சுப்பிரமணிய பாரதியார், நந்தன் சரித்திர மெட்டுகளையே எடுத்துத் தம் அரசியல் பாடல்கள் சிலவற்றை அமைத்தார். ஆண்டையின் அதட்டல் அங்கே வெள்ளை அதிகாரியின் அதட்டலாகியது. மிதவாதிகளின் அறிவுரையும் அதே மெட்டில் நகையாடப்பட்டது. பழைய பாட்டில் அடங்கியிருந்த கருத்தைப் புதிய பாரதியார் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி நந்தனார் பெயரையே தாங்கியது. கோயிலுக்குள் நுழையக் கேட்டவனின் பெயர் பள்ளிக்கூட வாயிலில் எழுதப்பட்டது.

திரைப்படம் வந்த பின்னரும் நந்தன் ஓயவில்லை. 1935இல் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பது நாடெங்கும் பேச்சாயிற்று. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனானார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பழைய தலைமுறையினர் பலர் நந்தனை அறிந்தது தேசிகரின் குரல் வழியாகவே. ஒரு இலட்சம் ரூபாயைப் பாரதியாரின் கையில் கொடுத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது. பெரும்பாலும் அண்ணுவையர் வீட்டுக் கணக்கில் சேர்த்திருப்பார்.

கண்டனங்களும் எழாமல் இல்லை. நந்தன் அடிமையல்லன், பௌத்த நெறி நின்ற அரசன். அவனைப் பண்ணையாளாக்கியது பிற்காலத்துப் புனைவு என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்னும் சிறுகதையில் பழைய கதையின் முடிவை ஏற்க மறுத்தார். 1978இல் இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'நந்தன் கதை' நாடகத்தில் தீக்குளிப்பு ஒரு சூழ்ச்சியாகவே காட்டப்பட்டது. ஆண்டையின் உத்தரவைக் கேட்டே போகும் நந்தன், பணிவையன்றி உரிமையைக் கற்பிப்பதில்லை என்பது இவர்கள் வழி நின்று பேசுவோரின் முடிவு. தீயில் மூழ்கித் தூய்மை பெற்ற பின்னரே கோயிலுள் செல்ல முடிந்தது என்றால், சாதி வென்றது என்பதல்லவா பொருள் என்றும் கேட்டனர்.

இவ்வினாவைத் தட்டிக் கழிக்க முடியாது. பாரதியார் புரட்சிக்காரர் அல்லர். சேக்கிழார் தந்த முடிவை மாற்ற அவர் துணியவில்லை. தீயும் அப்படியே இருக்கின்றது. ஆண்டை மனம் மாறுவதும் இறைவன் செய்த அற்புதத்தாலேயன்றி, நந்தனின் சொல்லால் அன்று. ஆனால் சேக்கிழாரைப் படித்த ஒருவன் 'ஊழ்' என்று சொல்லி அமைதி கொள்ளலாம். பாரதியாரைக் கேட்ட ஒருவன் அவ்வாறு அமைதி கொள்ள முடியாது. தடுத்தவன் யார் என்பதை அவர் பெயர் சுட்டாமல் சொல்லிவிட்டார். ஏர் பிடிப்பவன் எவன், விளைவைக் கொள்பவன் எவன் என்பதும் பாட்டில் வந்துவிட்டது. அரசவைப் புலவன் ஒருவன் இதனைப் பாடியிருக்க முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குப் பொதுவான சட்டம் வந்தது 1947இல். நந்தன் பாட்டு அச்சேறி அப்போது எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பாரதியார் முதுமையில் மாயூரத்தில் வாழ்ந்தார். குரல் தளர்ந்திருந்தது, பாடுவதினும் கற்பிப்பதும் தியானத்தில் இருப்பதும் மிகுந்தன. 1871ஆம் ஆண்டளவில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயில மாயூரத்துக்கு வந்த பதினாறு வயது இளைஞன் ஒருவன், ஓய்வு நேரத்தில் பாரதியாரிடம் சென்று இசையும் கற்றுக்கொண்டான். அவன் தந்தையார் இசைவாணர்; மகனுக்கு அக்கலை தப்பக் கூடாது என்பது அவர் விருப்பம். தமிழாசிரியருக்கு இது தெரியாது. ஒருநாள் பிள்ளையவர்களைச் சந்தித்த பாரதியார், தங்கள் மாணாக்கன் எனக்கும் மாணாக்கன் என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டார். பிள்ளையவர்கள் முகம் மாறியது. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஊன்றாது என்பது அவர் கொள்கை. அதனைக் கேட்ட இளைஞன் அன்றோடு இசைப்பாடத்தை நிறுத்திக்கொண்டான். திண்ணையில் கண்ணீர் விட்டவருக்கும் இசையின்மேல் இருந்த ஐயம் முற்றும் தீர்ந்துவிடவில்லை போலும்.

அந்த இளைஞன் உ. வே. சாமிநாதையர். சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஏட்டிலிருந்து மீட்டு அச்சில் ஏற்றுவதில் அவருடைய வாழ்நாள் கழிந்தது. பின்னர் 1936இல், தம் எண்பத்தொன்றாம் வயதில், பாதியில் நின்றுபோன இசைப்பாடத்தின் ஆசிரியரைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். 'கோபாலகிருஷ்ண பாரதியார்' என்பது அதன் பெயர். பாரதியாரின் வாழ்க்கையைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அந்நூலிலிருந்து வந்ததே.